வலது தோளில் முந்தி

ரீனாவுக்குப் பத்திரிகை படிக்கும் பழக்கம் கிடையாது. பார்க்கும் பழக்கம்தான் உண்டு. எந்தப் புத்தகத்தைக் கையில் கொடுத்தாலும் எழுத்துக்குள் போகமாட்டாள். ஓரத்தில் எவ்வளவு இடம் விட்டிருக்கிறான், படம் எங்கே உட்கார்ந்திருக்கிறது, கண்ணை உறுத்துகிற நிறம் எது என்று ஒரு சுற்று பார்த்துவிட்டு மூடி வைத்துவிடுவாள். தொழில் அப்படி. ஆரணியில் பட்டுப்புடவைக்கு டிசைன் போடுகிறவள். கம்ப்யூட்டர் திரையில் கட்டம் கட்டமாக மயிலும் மாங்காயும் வரைந்து முள்ளிப்பட்டுத் தறிகளுக்கும் சேவூர்த் தறிகளுக்கும் அனுப்புவது பதினான்கு வருஷப் பிழைப்பு.

அப்படிப்பட்டவள் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் ஒரு இசைப் பத்திரிகையின் நான்கு பக்கங்களை வரி விடாமல் படித்து முடித்துவிட்டு, "அட ஆண்டவரே, இன்னா பண்ணி வச்சிருக்கான் இவன்" என்று நாற்காலியை விட்டு எழுந்தாள் என்றால், விஷயம் சின்னதாக இருக்க முடியாது.

பத்திரிகையின் பெயர் 'ஆறு கட்டை'. சென்னையிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிறது. சினிமாப் பாட்டைத் தொடமாட்டோம், சொந்தமாகப் பாட்டுக் கட்டுகிற குழுக்களைப் பற்றி மட்டும்தான் எழுதுவோம் என்று வீம்பாக நடத்துகிற பத்திரிகை. மார்கழி இதழில் 'ஆரணி ரோடு' குழுவைப் பற்றி எழுதப்போகிறார்கள். ஆரணி ரோடு என்பது ரயில் நிலையத்தின் பெயர்; நிலையம் ஆரணியில் இல்லை, களம்பூரில் இருக்கிறது. அந்தக் கிறுக்குத்தனம் பிடித்துப்போய் அதையே பெயராக வைத்துக்கொண்டவர்கள் மூன்று பேர். ரீனாவின் தம்பி கிளமெண்ட் கீபோர்டு வாசிப்பான். களம்பூர் அரிசி ஆலை ஒன்றில் ஆபீஸ் வேலை. விசைத்தறி ஓட்டுகிற சதீஷ் டிரம்ஸ். தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிற தீபாவுக்குக் கிதாரும் குரலும். பாட்டு எழுதுவது, மெட்டுப் போடுவது எல்லாமே தீபாதான். இது அந்த மூன்று பேருக்கும் ரீனாவுக்கும் மட்டும் தெரியும். மற்றவர்களுக்கு ஏன் தெரியாது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. காரணத்தின் பெயர் அபிதகுசாம்பாள்.

தீபாவின் மாமியார். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பட்டு ஜவுளிக் கடையில் புடவை மடிப்பவர். லேசாக நினைத்துவிடக் கூடாது. எவ்வளவு நல்ல புடவையாக இருந்தாலும் மடிப்பு சரியில்லை என்றால் வாங்க வந்தவள் கையை நீட்டமாட்டாள். முந்தி வெளியே தெரிய, பார்டர் ஒரு நூல் பிசகாமல் அவர் மடித்து வைத்த புடவையைப் பிரிக்கவே மனசு வராது. வீட்டிலும் அதே கண்டிப்புதான், பேச்சு குறைவு. கோபம் வந்தால் வாயைத் திறக்கமாட்டார். சமையல் மேடையில் எவர்சில்வர் டம்ளர் விழுகிற சத்தத்தில் புரிந்துகொள்ள வேண்டும். மகன் எல்லப்பனுக்கு ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி வேலை, வாரக் கடைசியில் வந்து போகிறவன். ஆக மற்ற நாளெல்லாம் வீட்டில் இருப்பது மாமியார், மருமகள், டம்ளர்.

அந்த டம்ளரைப் பற்றித்தான் தீபா பாட்டுக் கட்டினாள். குழுவின் பாட்டுகளில் அதிகம் பேர் கேட்டதும் அதுதான். நான் எழுதினேன் என்று வீட்டில் சொன்னால், பாட்டில் வருகிற மாமியார் யார் என்ற கேள்வி வரும். அதனால், "எல்லாம் கிளமெண்ட் எழுதறது அத்தே, நான் சும்மா கூடப் பாடறேன்" என்று சொல்லி வைத்திருந்தாள். சொன்ன பொய் சும்மா இருக்குமா? கார்த்திகை மாதம் தீர்ப்பு வந்துவிட்டது.

"எவனோ எழுதின பாட்டுக்கு நீ ஏன் தொண்ட கிழியக் கத்தினுகீற? கூடப் பாட ஊர்ல வேற ஆளே கெடையாதா? தையோட நிறுத்திக்கோ."

எல்லப்பன் எப்போதும்போல, "அம்மா சொல்றாங்க இல்ல" என்று போனை வைத்துவிட்டான். தீபாவுக்கு மிச்சம் இருந்தது ஒரே வழி. எழுதுகிறவள் நான்தான் என்று மாமியாருக்குத் தெரிய வேண்டும், அதுவும் தை பிறப்பதற்குள். நேரில் சொல்ல வாய் வராது. பத்திரிகையே சொல்லிவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தாள்.

பத்திரிகை என்ன சொன்னது என்பதைத்தான் ரீனா வெள்ளிக்கிழமை காலை பார்த்தாள். அச்சுக்குப் போவதற்கு முன், பெயர், ஊர் எல்லாம் சரியா என்று பார்த்துச் சொல்லும்படி கிளமெண்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அவன் சரி பார்த்தானோ இல்லையோ, சொந்தக்காரர் குரூப் அத்தனையிலும் போட்டுவிட்டான்.

முதல் பக்கம் முழுக்க அவனேதான். கைத்தறியில் உட்கார்ந்திருக்கிறான். தறியில் கட்டிய பாவு நூலின் மேல் கீபோர்டு. படத்துக்கு மேல் மஞ்சள் பூசி, பழைய காலண்டர் மாதிரி ஆக்கியிருந்தார்கள். தலைப்பு: 'தறிக்குழியில் பிறந்த நாதம்'. இரண்டாம் பக்கத்தில், 'நெசவின் வியர்வையைப் பாடலாக்குகிறார் கிளமெண்ட்' என்று பெரிய எழுத்து. நிஜமாகவே நெய்கிற சதீஷின் தோள்பட்டை மட்டும் ஒரு மூலையில் தெரிந்தது. தீபா மூன்றாம் பக்கத்தின் அடியில், தபால்தலை அளவு. கீழே 'குழுவின் குத்துவிளக்குக் குரல்' என்று ஒரு வரி.

கிளமெண்ட் அன்றைக்கு மதியச் சாப்பாட்டுக்கு வந்தபோது ரீனா பிடித்துக்கொண்டாள்.

"ஏண்டா, உனக்குத் தறியில எந்தக் கால எங்க வைக்கணும்னாச்சும் தெரியுமா?"

"போட்டோகிராபர் உக்காருன்னாரு, உக்காந்தேன்."

"பாவு மேல கீபோர்டு வச்சிகினு? அந்தத் தறிக்காரரு உன்ன அடிக்காம வுட்டாரே. சதீஷ் தறியில எடுக்க வேண்டியதுதானே?"

"பவர்லூம் போட்டோல நல்லா வராதாம்க்கா. பழசா இருந்தாத்தான் ஃபீலிங்காம்."

"சரி, அது போவட்டும். பாட்ட நீ எழுதறன்னு யாருடா சொன்னது?"

கிளமெண்ட் சோற்றைப் பிசைவதை நிறுத்தினான். "நான் அப்படிச் சொல்லலக்கா. யாரு எழுதறதுன்னு கேட்டாரு. தீபா சொல்லட்டும்னு வெயிட் பண்ணேன். அது தலையக் குனிஞ்சிகிச்சி. நாங்க எழுதறோம் சார்னேன். அவரு அப்படிப் போட்டுட்டாரு."

"போட்டதப் பாத்துட்டு நீயும் கம்முனு இருந்துட்ட."

அவன் ரசம் ஊற்றிக்கொண்டான். நல்ல பையன்தான், ஆனால் முழுப் பக்கத்தில் தன் மூஞ்சியைப் பார்த்த எந்த நல்ல பையனும் அடுத்த பக்கத்தை அவ்வளவு கவனமாகப் படிப்பதில்லை.

அவன் போனதும் ரீனா, வீட்டில் கிடந்த 'ஆறு கட்டை' பழைய இதழ்கள் மூன்றைத் தரையில் பரப்பி வைத்தாள். புடவை டிசைனைப் பார்க்கிற கண்ணோடு பார்த்தாள். பார்க்கப் பார்க்கச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. சென்னைக் குழு என்றால் பக்கத்தில் பாதி வெள்ளையாகக் கிடக்கும், ஒருத்தரும் சிரிக்கமாட்டார்கள், எங்கேயோ பார்த்துக்கொண்டு நிற்பார்கள். கட்டுரையில் அவர்கள் எல்லாவற்றையும் உடைப்பார்கள், கட்டுவார்கள், கேள்வி கேட்பார்கள். வெளியூர்க் குழு என்றால் மஞ்சள். பின்னால் வயல், இல்லாவிட்டால் ஆடு. அவர்கள் எதையும் செய்வதில்லை. மண்ணிலிருந்து கிளம்புவார்கள், யாராவது கண்டெடுப்பார்கள். பெண்கள் பாடு இன்னும் மோசம். பையன்கள் எழுதுகிறார்கள், வாசிக்கிறார்கள், மிரட்டுகிறார்கள். பெண்களுக்குத் தேன், குயில், குத்துவிளக்கு. தீபா போன வாரம்தான் ஒன்பதாம் வகுப்பில் ஒரு தடிப்பயலை பெஞ்சு மேல் ஏற்றி நிற்க வைத்தவள். அவளைப் போய்க் குத்துவிளக்கு என்கிறார்கள்.

ரீனாவுக்கு வந்த கோபத்தில் பத்திரிகை ஆசிரியர் தென்னரசுக்கு ஏழு நிமிஷக் குரல் செய்தி ஒன்று போனது. அரை மணி நேரத்தில் அவரே அழைத்தார்.

"மேடம், நீங்க சொல்றதுல பாதி எனக்கே உறைக்குது. ஆனா என் டிசைனர் வேற வேல கெடச்சி பெங்களூர் போய்ட்டான். திங்கக்கிழம காலையில பிரஸ்ஸுக்குப் போகணும். இப்ப மாத்த என்கிட்ட ஆள் இல்ல."

"நான் பண்ணித் தரேன் சார்."

"நீங்க பத்திரிகை டிசைனரா?"

"புடவ டிசைனர்."

அந்தப் பக்கம் சிரிப்பு. "சரி மேடம், போட்டோ எல்லாம் அனுப்பறேன். கட்டுரையில தப்பு இருந்தா அடிச்சித் திருத்துங்க. ஞாயித்துக்கிழம சாயங்காலம் என் கையில இருக்கணும்."

சனிக்கிழமை தீபா வந்தாள். பள்ளிக்கூடம் அரை நாள்தான். ரீனா திரையைக் காட்டி, "எழுதினது நீன்னு போடப் போறேன். பாட்டும் அப்படியே முழுசா வரும். போடவா?" என்று கேட்டாள்.

தீபா சுவரைப் பார்த்தாள், ஃபேனைப் பார்த்தாள். "அத்த படிச்சா செத்தேன்க்கா."

"படிக்கலன்னா?"

"படிக்கலன்னா தையோட சரி." விரல் நகத்தைக் கடித்துக்கொண்டே இருந்தவள், பையிலிருந்து கோடு போட்ட நோட்டு ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தாள். டம்ளர் பாட்டு, அவள் கையெழுத்தில், அடித்தல் திருத்தலோடு. "டைப் அடிக்காதீங்கக்கா. இத்தையே போடுங்க. எங்க அத்தைக்கு என் கையெழுத்து தெரியும். பால் கணக்கு நான்தான் எழுதறேன்."

சொல்லிவிட்டு மனசு மாறுவதற்குள் ஓடிப்போனாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் ரீனா உட்கார்ந்தாள். 'ஆரணி ரோடு' குழுவுக்குக் கிடைத்திருப்பது இதழின் கடைசி நான்கு பக்கங்கள். சின்ன ஊர்க்காரர்களுக்குக் கடைசி வரிசை. நான்காவது பக்கம் பின்னட்டையின் உள்பக்கமே. முதலில் அதற்கும் அவளுக்கு எரிச்சல்தான். பிறகுதான் உறைத்தது: புடவையில் முந்தி எங்கே வருகிறது? கடைசியில்தானே. ஜவுளிக் கடையில் எதை முதலில் பிரித்துக் காட்டுகிறார்கள்? அதைத்தானே. ஆரணியில் யார் கையில் புத்தகத்தைக் கொடுத்தாலும் பின்னாலிருந்துதான் புரட்டுகிறார்கள்.

அதற்குப் பிறகு கை தானாக ஓடியது. முதல் பக்கத்தில் படம் இல்லை, தலைப்பு இல்லை. தீபாவின் நோட்டுப் பக்கம் மட்டும். இரண்டாம் பக்கத்தில் கட்டுரை, வியர்வை எல்லாவற்றையும் துடைத்துவிட்டு. மூன்றாம் பக்கத்தில் கிளமெண்டும் சதீஷும். சதீஷ் தன் விசைத்தறிக்கு முன்னால், நன்றாக வரவில்லை என்று அவர்கள் ஒதுக்கிய படம், மஞ்சள் பூசாமல். நான்காம் பக்கம் முழுக்க தீபா. மாம்பழ நிறப் பட்டுப்புடவையில் கிதாரோடு நிற்கிறாள். மேலே பெரிய எழுத்தில் 'ஆரணி ரோடு'. கீழே: 'பாட்டும் மெட்டும் தீபா'.

ஒரே ஒரு இடம் உறுத்தியது. மூன்றாம் பக்கத்தில் பையன்கள் வலது பக்கம் பார்த்து நிற்கிறார்கள். நான்காம் பக்கத்தில் தீபாவும் வலது பக்கமே பார்க்கிறாள், காகிதத்தை விட்டு வெளியே. புடவைத் தொழிலில் இது ஆகாத காரியம். பார்டரில் இரண்டு அன்னம் வந்தால் ஒன்றை ஒன்று பார்க்க வேண்டும், முதுகைக் காட்டினால் மாஸ்டர் வீவர், "இன்னாம்மா, புருஷன் பொண்டாட்டி சண்டையா?" என்று திருப்பி அனுப்பிவிடுவார். பாதியை வரைந்து ஒரு பொத்தானை அழுத்தினால் மறுபாதி கண்ணாடியில் தெரிவதுபோல் தானே வரும். ஒரு நாளைக்கு நூறு முறை அழுத்துகிற பொத்தான். ரீனா அழுத்தினாள். தீபா திரும்பி, பையன்களைப் பார்த்து நின்றாள். நான்கு பக்கமும் ஒரு புடவைபோலச் சேர்ந்துகொண்டன. மனசு குளிர்ந்து அனுப்பி வைத்தாள்.

தென்னரசு உடனே கூப்பிட்டார். "மேடம், தலைப்பு கடைசியிலயா?"

"பின்னாலேருந்து பொரட்டிப் பாருங்க சார்."

புரட்டியிருக்க வேண்டும். "அட, நானும் அப்படித்தான் பொரட்டறேன்" என்றார். அப்படியே அச்சுக்குப் போனது.

மார்கழி பிறந்த இரண்டாம் வாரம் பன்னிரண்டு பிரதிகள் கூரியரில் வந்தன. மத்தியானமே மூன்று பேரும் வந்து ஆளுக்கு இரண்டு வாங்கிக்கொண்டு போனார்கள். கிளமெண்டுக்கு முதலில் கொஞ்சம் முகம் தொங்கியது. பிறகு அவனே, "இப்பதான்க்கா பேண்டு மாதிரி இருக்குது" என்று ஒப்புக்கொண்டுவிட்டான். ரீனா தனக்கென்று ஒரு காப்பி போட்டுக்கொண்டு, ஒரு பிரதியை மடியில் வைத்து அழகு பார்த்துக்கொண்டிருந்தாள். நான்கு மணிக்கு சதீஷ் போன் செய்தான். பின்னால் தறிச் சத்தம்.

"அக்கா, தீபா எப்பலேருந்து லெஃப்ட் ஹேண்டு?"

"இன்னாடா சொல்ற?"

"கிதார பீச்சாங்கையில வாசிக்குது பாருங்க. என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் கேட்டுகினுகீறாங்க."

ரீனா பக்கத்தைப் பிரித்தாள். கிதார் இடம் மாறித்தான் இருந்தது. சரி, கிதார்தானே என்று மூச்சு விடப்போனவளின் கண் கொஞ்சம் மேலே போனது. தீபாவின் முந்தானை வலது தோளில் கிடந்தது.

பதினான்கு வருஷமாக முந்தி வரைகிறவள். ஊரில் எத்தனை கல்யாணத்தில் யார் தோளில் கிடப்பது தன் முந்தி என்று தூரத்திலிருந்தே சொல்கிறவள். அவள் கையாலேயே, பட்டு நெய்கிற ஊரின் பெண்ணொருத்திக்குப் புடவையை மாற்றிக் கட்டிவிட்டு, கெட்டி அட்டையில் அச்சடித்து ஊருக்கெல்லாம் அனுப்பியாகிவிட்டது. அதைப் பார்க்கப்போவது யார்? ஆரணியிலேயே புடவையைப் பார்ப்பதில் முதல் கண் யாருக்கோ, அவர். ரீனா செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஸ்கூட்டியை எடுத்தாள்.

சேவூர் ஓரத்தில் தீபாவின் வீடு. உள்ளே தீபா நாற்காலியில் விறைத்து உட்கார்ந்திருந்தாள். பத்திரிகை மேஜைமேல் இருந்தது.

"அத்த இன்னும் வரலக்கா. வந்தா கண்ல படட்டும்னு வச்சிருக்கேன்."

"அந்த புக்கக் குடு தீபா. ஜல்தி. ஒரு பேஜார் ஆயிப்போச்சி."

"இன்னாக்கா?"

சொல்வதற்குள் வாசலில் செருப்புக் கழற்றுகிற சத்தம். அபிதகுசாம்பாள் உள்ளே வந்தார். "ரீனாவா? வாம்மா" என்றார். கை கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு, மேஜையைப் பார்த்தார். "இன்னா புக்கு?"

அவர் பத்திரிகையை எடுத்தார். ஆள்காட்டி விரலால் பின்னட்டையைத் தூக்கினார். ரீனா கணக்குப் போட்டதுபோலவே முதல் பார்வை நான்காம் பக்கத்தில் விழுந்தது. அவள் போட்ட கணக்கு அவளுக்கே எமனாக வந்து நின்றது.

அபிதகுசாம்பாளின் உள்ளங்கை காகிதத்தின் மேல் ஒருமுறை தடவிப் போனது, புடவையைத் தடவுகிற மாதிரி. புருவம் சுருங்கியது.

"இது யாரு?"

"நான்தான் அத்தே."

"நீயா? மொகம் உன்னுதுதான். முந்தானை எப்படி சோத்தாங்கைப் பக்கம் போச்சி? நான் மடிச்சிக் குடுத்த புடவ இது. இடத் தோள்ல ஊக்கு குத்தினதே நான்தானே?"

ரீனாவுக்கு வேறு வழியில்லை. "அவ மேல தப்பு இல்லம்மா. நான்தான் படத்தத் திருப்பிட்டேன். பார்டர்ல அன்னம் வைக்கற மாதிரி, மூணு பேரும் மொகம் பாத்துக்கட்டும்னு..." என்று இழுத்தாள்.

அபிதகுசாம்பாள் அவளை ஏற இறங்கப் பார்த்தார். திரும்பவும் பக்கத்துக்குப் போனார். படத்துக்குக் கீழே இருந்த எழுத்தை உதடு அசையப் படித்தார். 'பாட்டும் மெட்டும் தீபா.' மருமகளை நிமிர்ந்து பார்த்தார். பக்கங்களைப் பின்னாலிருந்து முன்னுக்குப் புரட்டினார். பையன்கள், கட்டுரை, அப்புறம் நோட்டுப் பக்கம். கையெழுத்தைக் கண்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

விடிஞ்சதும் ஒரு டம்ளர் சத்தம்
கோவமா தூக்கமா தெரியலையே
வச்சாங்களா அத்த போட்டாங்களா
வாயத் தொறந்து கேக்கலையே

ஓடி வந்து நான் பாக்கையிலே
ஒருத்தரும் அங்க நிக்கலையே
எனக்கு வச்ச காப்பி மேல
தட்டு மூடினது யாருன்னு
எத்தன நாளு பாத்தும் எனக்குத்
தெரியலையே, தெரியலையே

படித்து முடிக்க அவருக்கு அதிக நேரம் பிடித்தது. இரண்டாம் முறையும் படித்தார் என்று நினைக்கத் தோன்றியது. பிறகு எழுந்து சமையலறைக்குள் போனார். தீபா ரீனாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் காது கொடுத்துக் காத்திருந்தார்கள். மேடைமேல் டம்ளர் விழுந்தது. நல்ல சத்தம்.

"போச்சுக்கா" என்றாள் தீபா.

அபிதகுசாம்பாள் வெளியே வந்தார். "அந்த பொஸ்தகக்காரனுக்குப் போன் போடு."

ரீனா போட்டாள். அவர் வாங்கிக் காதில் வைத்தார். குசலம் விசாரிப்பு எதுவும் இல்லை.

"நான் தீபாவோட மாமியார் பேசறேன். பாட்டு எழுதினவளக் கூப்ட்டு நிக்க வச்சி படம் புடிச்சிக்கிறீங்க. புடவ எந்தப் பக்கம் கட்டிகினுகீறான்னு பாக்க மாட்டீங்களா? ஊர்ல நாலு பேரு இன்னா நெனப்பாங்க? புடவ கட்டத் தெரியாதவ பாட்டு எங்கேருந்து எழுதியிருப்பான்னு கேக்க மாட்டாங்களா?"

தென்னரசு அந்தப் பக்கம் ஏதோ மென்று முழுங்கினார்.

"ரீனாதான் செஞ்சிச்சா? அது சின்னப் பொண்ணு, கை மறதியா செஞ்சிருக்கும். நீ பெரிய மனுசன், பாக்க வேணாமா? சரி. திருத்திப் போடு. எப்ப போடுவ?"

பதிலைக் கேட்டுக்கொண்டு தீபா பக்கம் திரும்பினார். "பங்குனியிலதான் அடுத்ததாம். நல்ல படமா ஒண்ணு புடிக்கணுமாம். அதுக்குள்ள புதுசா ரெண்டு பாட்டு இருந்தா அதையும் போடறானாம். இருக்குதா?"

"தையோட நிறுத்தச் சொன்னீங்களே அத்தே."

"நிறுத்திட்டா பங்குனியில யாரப் படம் புடிப்பான்? கூடப் பாடறவன்னு சொன்ன, நிறுத்தச் சொன்னேன். எழுதறவன்னு யாரு சொன்னாங்க எனக்கு?" போனை ரீனாவிடம் நீட்டப்போனவர், என்னவோ நினைத்துக்கொண்டு மறுபடி காதில் வைத்தார். "இன்னொண்ணு சார். டம்ளர நான் போடறதில்ல. வைக்கிறேன். எனக்கு ஒரு கையில முட்டி வலி, வைக்கும்போது சத்தம் வருது. அதையும் சேத்துத் திருத்திப் போடுங்க."

போன் ரீனாவின் கைக்கு வந்தது. அபிதகுசாம்பாள் பத்திரிகையை மூடிவிட்டு, மருமகளைப் பார்க்காமல், மேஜையைத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே சொன்னார்.

"தட்டு மூடினது யாருன்னு கேட்டு எழுதியிருக்க. இந்த வூட்ல வேற யாரு கீறாங்க?"

தீபா அழுதுவிட்டாள். ரீனாவுக்கும் கண் நிறைந்தது. ஆனால் அவளுக்கு அதோடு சிரிப்பும் வந்து தொலைத்தது. சின்னப் பொண்ணு என்று இந்த முப்பத்தாறு வயசில் இன்னொருவர் சொல்லிக் கேட்பது சும்மாவா? உள்ளேயிருந்து மூன்று காப்பி வந்தது. டம்ளர்கள் மேஜைமேல் உட்கார்ந்தபோது வழக்கமான சத்தம் கேட்டது. இந்த முறை மூன்று பேருமே அதைக் கேட்டுவிட்டு ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

தை வந்தது, போனது. கிதார் பரணுக்குப் போகவில்லை. கீபோர்டும் டிரம்மும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் சேவூருக்கே வர ஆரம்பித்தன. சென்னை வாசகர்கள் இடக்கைக் கிதார்க்காரி என்று பாராட்டி எழுதிய கடிதங்களைத் தென்னரசு அனுப்பி வைத்தார். ஒருவர்கூடத் தோளைப் பற்றி எழுதவில்லை. "எதப் பாக்கறாங்களோ இவங்கல்லாம்" என்றார் அபிதகுசாம்பாள்.

பங்குனி இதழிலும் கடைசிப் பக்கத்தை ரீனாவே செய்தாள். புதுப் படம், பொத்தான் பக்கம் கை போகாமல். படத்துக்குக் கீழே ஒரு பெட்டி. தென்னரசு அதில் ஒரு எழுத்தையும் மாற்றவில்லை.

'திருத்தம்: சென்ற இதழில் தீபாவின் படம் இடம் வலமாக அச்சாகிவிட்டது. தவறு வடிவமைத்தவருடையது. தீபா வலது கையால் கிதார் வாசிப்பவர். முந்தானையை இடது தோளில் போடுபவர். அவர் எழுதிய பாட்டில் வருகிற மாமியார் டம்ளரைப் போடுவதில்லை, வைக்கிறார். காப்பிக்குத் தட்டு மூடுவதும் அவரே.'

அபிதகுசாம்பாள் அந்தப் பெட்டியை நின்றபடியே படித்தார். பிறகு அந்தப் பக்கம் வெளியே தெரிகிற மாதிரி இதழை விளிம்பு பிசகாமல் மடித்து, கூடையில் வைத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பினார்.